தாழைப்பொட்டலில் பேதிக் கணக்கு எடுத்த கதை

தாழைப்பொட்டல் ஊராட்சியில் சுகாதாரக் குழு என்று ஒன்று இருந்தது. அதில் நான்கு பேர். நால்வரும் நல்லவர்கள், நேரம் தவறாதவர்கள், சொன்னால் சொன்னதைச் செய்கிறவர்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். அதுதான் சிக்கல்.

குழுவுக்குத் தலைவர் பூவலிங்கம். அவரைத் தலைவராகப் போட்டதற்குக் காரணம், ஊரிலேயே அவர் வீட்டில்தான் தெர்மாமீட்டர் இருந்தது. உரக்கடையில் மூட்டை வாங்கியபோது இலவசமாகக் கொடுத்தது. சுவரில் ஆணியடித்து மாட்டுகிற வகை. யாருக்காவது உடம்பு சுட்டால் பூவலிங்கம் வீட்டுச் சுவரோரம் வந்து நிற்பார்கள். கோடையில் ஊர் முழுக்கக் காய்ச்சல் இருந்தது. மார்கழியில் ஒருவருக்கும் இல்லை.

மற்ற மூவரில் செவத்தியான், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். சொரிமுத்து, மைக்செட் வைத்திருப்பவர். மாடக்கண்ணு, கொத்தனார்.

ஒருநாள் இந்தக் குழுவுக்கு மாவட்டத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘சரியான தகவல் இருந்தால்தான் சரியான முடிவு எடுக்க முடியும். எனவே ஒவ்வொரு கிராமத்திலும் சுகாதாரத் தகவல் அமைப்பை உடனே வலுப்படுத்த வேண்டும்’ என்று போட்டிருந்தது.

“தகவல் அமைப்புன்னா எது அண்ணாச்சி?” என்றார் மாடக்கண்ணு.

“நம்மகிட்ட இருக்கது ஒண்ணுதான். பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல தொங்குதே, தகரப் பெட்டி. உடம்புக்கு முடியாதவங்க சீட்டு எழுதிப் போடுறதுக்கு வச்சது.”

“அது வலுவா இல்லியே. போன வருசம் ஆடு முட்டியே நசுங்கிட்டு.”

“அது மேலே இருக்கவங்களுக்கும் தெரிஞ்சு போச்சு பாத்தியா” என்று பூவலிங்கம் கவலைப்பட்டார்.

மாடக்கண்ணு அன்றைக்கே வேலையை ஆரம்பித்தார். கம்பி கட்டி, ஜல்லி போட்டு, பெட்டியைச் சுற்றிக் கான்கிரீட் போட்டார். சீட்டுப் போடுகிற துவாரம்தான் இருப்பதிலேயே பலவீனமான இடம் என்று கண்டுபிடித்து அதையும் அடைத்தார். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி இறுக விட்டார். பிறகு ஆட்டைக் கொண்டுவந்து முட்டவிட்டுப் பார்த்தார்கள். ஆட்டுக்குக் கொம்பு போயிற்று. ‘அமைப்பு மிக வலுவாக உள்ளது’ என்று பூவலிங்கம் மாவட்டத்துக்குப் பதில் எழுதினார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, சித்திரை மாதத்தில் ஊருக்குள் பேதி வந்தது.

தாழைப்பொட்டலுக்கான சுகாதார நிலையம் பக்கத்து ஊரில் இருந்தது. அங்கே புதிதாக மாற்றலாகி வந்தவர் டாக்டர் எஸ்தர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தவுடனேயே தண்ணீரில்தான் கோளாறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தாழைப்பொட்டலில் இரண்டு மேல்நிலைத் தொட்டிகள். மேற்கே இருப்பது மேலத்தொட்டி, கிழக்கே இருப்பது கீழத்தொட்டி. ஊரில் பாதிக்கு அது, பாதிக்கு இது. இரண்டையும் மூடினால் சித்திரை வெயிலில் ஊர் தவித்துப்போகும். ஒன்றை மட்டும் மூட வேண்டும். எதை?

தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு வரப் பத்து நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று ஊருக்குச் சொன்னார். ஊரும் கொதிக்க வைத்தது. ஆனால் சுடச்சுடக் குடிக்க முடியாததால், குழாய்த் தண்ணீரைக் கலந்து ஆற்றிக் குடித்தது.

நோயாளிகளிடமே எந்தத் தெரு என்று டாக்டர் கேட்டுப் பார்த்தார். எல்லாரும் நடுத்தெரு என்றார்கள். தாழைப்பொட்டலில் அப்படித்தான். அவரவர் தெரு அவரவருக்கு நடுத்தெரு. அதற்கு மேற்கே இருப்பதெல்லாம் மேலத்தெரு, கிழக்கே இருப்பதெல்லாம் கீழத்தெரு.

வேறு வழியில்லாமல் அவர் சுகாதாரக் குழுவைக் கூப்பிட்டார்.

“எந்தத் தெருவுல பேதி அதிகமா இருக்குன்னு எனக்குத் தெரியணும். அது தெரிஞ்சா எந்தத் தொட்டின்னு நான் முடிவு பண்ணிடுவேன். வீடு வீடாப் போங்க. எல்லாரையும் பார்க்க முடியலேன்னாலும் பரவாயில்லை, தெருவுக்குக் கொஞ்சம் மாதிரி எடுத்தாப் போதும்.”

“எடுத்துட்டா போச்சு” என்று நால்வரும் கிளம்பினார்கள்.

முதல் வீட்டில் ஒருவர் சுருண்டு படுத்திருந்தார்.

“என்ன செய்யுது?” என்று பூவலிங்கம் கேட்டார்.

“பேதி அண்ணாச்சி. காலைலேருந்து நிக்க முடியலை.”

“பேதியா, பேதி மாதிரியா?”

“மாதிரி என்ன மாதிரி? பேதியேதான்.”

“அப்ப நீங்க வேண்டாம். எங்களுக்கு மாதிரிதான் வேணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

அன்று முழுக்க அலைந்தார்கள். எங்கே போனாலும் நிஜப் பேதியாகவே இருந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று பேர்தான் கிடைத்தார்கள். மூவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் நிறுத்தினார்கள்.

“எனக்கு வயிறு கலக்குற மாதிரி இருந்துச்சு. அப்புறம் சரியாப் போச்சு” என்றார் முதல் ஆள்.

“எனக்குப் பசிக்கிற மாதிரி இருக்கு. இவங்கதான் வாங்கன்னு கூட்டிட்டு வந்தாங்க” என்றார் இரண்டாவது ஆள்.

மூன்றாவது ஆள் வாட்டசாட்டமான இளைஞன்.

“இவருக்கு என்ன?” என்று டாக்டர் கேட்டார்.

“இவனுக்கு ஒண்ணுமில்லம்மா” என்றார் சொரிமுத்து. “ஆனா அச்சு அசல் இவன் அப்பன் மாதிரி. தெருவே சொல்லுது.”

டாக்டர் எஸ்தர் மூவரையும் வீட்டுக்கு அனுப்பினார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

“மாதிரியே வேண்டாம். பேதி இருக்கிற எல்லாரையும் எழுதிட்டு வாங்க. ஆளுக்கு ஒரு உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் குடுங்க. ஒரே ஆளை ரெண்டு தடவை மட்டும் எழுதிடாதீங்க, கணக்குக் குழம்பிடும்.”

இந்தத் தடவை செவத்தியான் எழுதினார். பஸ்ஸில் இருந்தவர் என்பதால் கையெழுத்து கொஞ்சம் குலுங்கும். மற்றபடி வேலை ஒழுங்காகத்தான் நடந்தது, டீக்கடை ராமர் வீட்டுக்கு வரும்வரை.

ராமருக்குப் பேதி. எழுதிக்கொண்டு பொட்டலத்தைக் கொடுத்தார்கள். உள் அறையிலிருந்து அவருடைய இரட்டைப் பிறவி லட்சுமணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“எனக்கும் ஒண்ணு குடுங்க. நானும் ராத்திரி பூரா நடையாய் நடந்துட்டேன்.”

நால்வரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ராமர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு தனியாகப் போய்ப் பேசினார்கள்.

“ஒரே ஆளுதான். மூக்குப் பக்கத்துல மரு கூட இருக்கு” என்றார் செவத்தியான்.

“ஆனா இப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நின்னாங்களே?” என்று மாடக்கண்ணு சந்தேகப்பட்டார்.

“அதனாலதான்வே டாக்டரம்மா முன்னாலயே எச்சரிச்சாவ. ரெண்டு தடவை வருவான், ஏமாந்திராதிங்கன்னு.”

பூவலிங்கம் திரும்பி வந்து லட்சுமணன் தோளில் கை வைத்துக் கனிவாகச் சொன்னார்: “தம்பி, நீ ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்ட.”

லட்சுமணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ராமர் தன் பொட்டலத்தைக் கரைத்து ஆளுக்குப் பாதியாகக் குடித்ததால் இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

எழுதிய நோட்டை டாக்டர் வாங்கிப் பார்த்தார். அதில் ஒவ்வொரு பேருக்கும் எதிரே ‘வீட்டிலிருந்து கொல்லை வரை, போக வர’ என்று எழுதியிருந்தது. தெரு இருக்க வேண்டிய இடத்தில் டீக்கறை. அடித்தல், திருத்தல், ஓர் இடத்தில் மீன் குழம்பு.

“என்னங்க இது? ஒண்ணுமே படிக்க முடியலை. எனக்குச் சுத்தமான தகவல் வேணும். தகவல் சுத்தமா இல்லேன்னா நான் எடுக்கிற முடிவும் தப்பாப் போயிடும்.”

பூவலிங்கத்துக்கு வெட்கமாகப் போயிற்று. தவறு அவர்கள் மேல்தான். நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் மனைவி பிச்சம்மாளைக் கூப்பிட்டார். அவர் வீட்டில் துணி துவைப்பது பிச்சம்மாள்தான். அவளோ பாயில் படுத்திருந்தாள்.

“எனக்கு முடியலைங்க” என்றாள். “மத்தியானத்துலேருந்து வயித்தால போகுது.”

“நீ படு பிள்ள. நானே பாத்துக்கிடுதேன்.”

நோட்டை அவரே சோப்புப் போட்டு ஊற வைத்தார். பிரஷ் கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தேய்த்தார். மூன்று தண்ணீரில் அலசி, கொஞ்சம் நீலம் போட்டு, கொடியில் காயப்போட்டார். காய்ந்தபின் எடுத்துப் பார்த்தால் நோட்டு பளிச்சென்று இருந்தது. தேடினால்கூட ஒரு எழுத்து இல்லை.

மறுநாள் டாக்டர் அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவர் கண்கள் கலங்கியதைப் பார்த்த செவத்தியான், சுத்தத்தைப் பார்த்துத்தான் கலங்குகிறார் என்று நினைத்தார்.

“நீங்க எழுதவே வேண்டாம்” என்றார் டாக்டர். “மறுபடியும் போங்க, எந்த வீட்டையும் விடாதீங்க. மனசுல வச்சுக்கிட்டு வந்து வாயாலயே சொல்லுங்க.”

ஆளுக்கு ஒரு தெருவாகப் பிரித்துக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை உண்மையாகவே எல்லா வீட்டிலும் கேட்டு, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். சொரிமுத்துவுக்கு மட்டும் ஞாபக மறதி உண்டு. மறக்காமல் இருக்க வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது என்று அவருக்குத் தோன்றியது. வாய்விட்டு எது சொன்னாலும் அவருக்கு மைக்கில் சொல்லித்தான் பழக்கம்.

“ஹலோ, மைக் டெஸ்டிங். ஊர் மக்களுக்கு வணக்கம். ஞானதீபம் அவர்கள் வீட்டில் ஞானதீபம் அவர்களுக்குப் பேதி, காலையிலிருந்து ஆறு தடவை. அன்னாரது மகள் செல்விக்கு எட்டுத் தடவை...”

அந்த நேரத்தில் ஞானதீபம் வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கையில் எடுத்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தாள். அத்தனை பேரும் எழுந்து வேனில் ஏறிப் போய்விட்டார்கள். ஞானதீபம் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து மைக்செட் வயரை வெட்டினார். அடுத்த வெட்டு சொரிமுத்துவுக்கு விழ இருந்தது. அதற்குள் வயிறு கூப்பிட்டதால் ஞானதீபம் வீட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று.

விஷயம் டாக்டர் காதுக்குப் போனது. அவர் நால்வரையும் கூப்பிட்டுக் கடுமையாகவே பேசினார்.

“நோயாளியைப் பத்தின விவரம் ரகசியம். யாருக்கும் சொல்லக் கூடாது, புரியுதா? யாராவது இறந்துட்டா மட்டும் உடனே எங்கிட்ட ஓடி வந்து சொல்லணும். ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. மத்தபடி மூச்சு விடக் கூடாது.”

“மூச்சு விட மாட்டோம்” என்று நால்வரும் சத்தியம் செய்தார்கள்.

“சரி, இப்பச் சொல்லுங்க. எந்தத் தெருவுல அதிகம்?”

நால்வரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

“எனக்குச் சொல்லலாங்க.”

“யாருக்கும்னா எல்லாருக்குந்தானம்மா” என்றார் பூவலிங்கம், மிகுந்த மரியாதையுடன்.

“நான் டாக்டர்!”

“டாக்டருக்கு மட்டும் சொல்லலாம்னு நீங்க சொல்லலியே. செத்தா மட்டும்னுதான் சொன்னிய.”

டாக்டர் கெஞ்சிப் பார்த்தார். மிரட்டிப் பார்த்தார். நால்வரும் மலைபோல நின்றார்கள். அப்போது வெளியே ஆட்டோ வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பிச்சம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, துணிபோலத் துவண்டிருந்தாள்.

பூவலிங்கம் ஓடினார். டாக்டர் நரம்பைத் தேடி ஊசி குத்தி, பாட்டிலை மாட்டினார். பூவலிங்கம் கட்டிலோரம் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கை அப்படிக் குளிர்ந்து அவர் பார்த்ததில்லை. தன் வீட்டுத் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்திருக்கலாமே என்று நினைத்து அழுதார்.

“பிழைச்சிருவாளாம்மா?”

“இவங்களை நான் பார்த்துக்கிறேன். ஆனா அந்தத் தண்ணியை ஊரே குடிச்சுக்கிட்டு இருக்குங்க” என்றார் டாக்டர். “இந்தத் தகவல் எனக்காக இல்லை. இது மேலே போகணும். மேலே போனாத்தான் தொட்டி விஷயத்துக்கு ஒரு முடிவு கிடைக்கும். உங்களுக்குப் புரியுதா? மேலே போகணும்!”

பூவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இதுவரை யாரும் அவரிடம் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மற்ற மூவரையும் இழுத்துக்கொண்டு ஊருக்கு நடந்தார்.

வழியில் விவாதம் நடந்தது.

“மேலேன்னா மேற்கேயா, உசரத்துலயா?” என்றார் மாடக்கண்ணு. தாழைப்பொட்டல் பக்கத்தில் மேற்குக்கும் மேலே என்றுதான் சொல்வார்கள்.

“நம்ம ஊர்ல மேற்கேன்னா சுடுகாடுதான். அங்க போயி யாருகிட்ட சொல்ல?” என்றார் சொரிமுத்து.

“உசரம்னா பனைமரம். நாலு பேரும் ஏற முடியாது” என்றார் செவத்தியான்.

“ஏம்வே, மேலத்தொட்டி இருக்கே?” என்றார் பூவலிங்கம். “மேற்கேயும் ஆச்சு, உசரமும் ஆச்சு. தொட்டி விஷயத்துக்கு முடிவு கிடைக்கும்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாவ.”

இதில் யாருக்கும் மறுப்பு இல்லை. தகவல் அவரவர் தலைக்குள் இருந்ததால், தகவலை மேலே கொண்டுபோக வேண்டுமென்றால் நான்கு தலையும் மேலே போக வேண்டும்.

பூவலிங்கத்துக்கு உயரம் ஆகாது. வீட்டில் பரண் ஏறினாலே தலை சுற்றும். ஆனால் பிச்சம்மாளின் கை ஞாபகம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரும்பு ஏணியில் அவர்தான் முதலில் ஏறினார். பின்னால் வந்த செவத்தியான் பழக்கத்தில் “படியில நிக்காதிங்க, உள்ள போங்க, உள்ள போங்க” என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

மேலே போய்ச் சேர்ந்ததும் நான்கு தலைகளையும் ஒன்றாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். முடிவு எதுவும் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. காற்றோடு ஒரு நாற்றமும் வந்தது.

தொட்டிக்கு மூடி இல்லை. எப்போதோ அடித்த காற்றில் பறந்திருக்கும் போல. மாடக்கண்ணு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, உள்ள ஒருத்தர் மிதக்காவ.”

நால்வரும் எட்டிப் பார்த்தார்கள். செத்து ஊதிப்போன ஒரு மரநாய் மல்லாக்க மிதந்துகொண்டிருந்தது.

“கேக்கவேண்டிய கேள்வியைக் கேளும்வே. எந்த வீட்டையும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ” என்றார் பூவலிங்கம்.

சொரிமுத்து தொட்டிக்குள் தலையை விட்டு, “பேதி உண்டுமா?” என்று கேட்டார். குரல் எதிரொலித்துத் திரும்பி வந்தது. “உண்டுமான்னு அவரும் கேக்காரு” என்றார்.

“இல்ல அண்ணாச்சி, செத்துட்டாரு” என்றார் மாடக்கண்ணு மெதுவாக.

நால்வரும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். சட்டென்று பூவலிங்கத்துக்கு உறைத்தது.

“செத்தா உடனே ஓடி வந்து சொல்லணும்னு டாக்டரம்மா சொன்னாவள்ளா! ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாதே! இறங்குங்கவே!”

ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏறியவர், இறங்கும்போது எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. நால்வரும் பக்கத்து ஊர்வரை ஓட்டமாக ஓடினார்கள். சுகாதார நிலையத்து வாசலில் மூச்சு வாங்க நின்றார்கள்.

“அம்மா, ஒரு மரணம்!”

டாக்டர் எஸ்தர் கையிலிருந்த ஊசியை வைத்துவிட்டு ஓடி வந்தார். “யாரு?”

“பேரு தெரியலை. ஊருக்குப் புதுசு.”

“எந்தத் தெரு?”

“தெருவில இல்லம்மா. மேலத்தொட்டியில. உள்ள.”

“தொட்டிக்குள்ளயா! ஆணா, பெண்ணா?”

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அது நாங்க கவனிக்கலை. வால் இருந்துச்சு” என்றார் செவத்தியான்.

டாக்டர் செருப்பைக்கூட மாட்டாமல் ஸ்கூட்டரை எடுத்தார். அரை மணி நேரத்தில் மேலத்தொட்டி மூடப்பட்டது. மரநாயை எடுத்துப் புதைத்தார்கள். தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, புது மூடி வைத்தார்கள். அதுவரை ஊர் முழுக்கக் கீழத்தொட்டித் தண்ணீரைக் குடித்தது. ஒரு வாரத்துக்குள் பேதி நின்றது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பிச்சம்மாள் மூன்றாம் நாளே எழுந்து உட்கார்ந்து, அன்றைக்குக் கொடியில் நோட்டைக் காயப்போட்டது யார் என்று கேட்டாள். பூவலிங்கம் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது. அன்று முழுக்க அவர் சும்மா சிரித்துக்கொண்டே இருந்தார். பஜ்ஜியை வைத்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டாரும் திரும்பி வந்து நிச்சயம் செய்தார்கள்.

டாக்டர் குழுவைக் கூப்பிட்டு நன்றி சொன்னார். அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. பிறகு நாலு நாள் லீவு போட்டுவிட்டுத் தன் ஊருக்குப் போனார்.

அந்த நாலு நாளுக்குள் அடுத்த மாதம் பிறந்து, மாத அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. ‘தாழைப்பொட்டலில் இந்த மாதம் நோயாளி ஒருவரும் இல்லை’ என்று பூவலிங்கம் எழுதி அனுப்பினார். உண்மை அதுதான். மாவட்ட அலுவலகத்தில் அதை யாரும் நம்பவில்லை. போன மாதம் ஊரே படுத்துக்கிடந்ததே? மறு தபாலில் பதில் வந்தது: ‘ஒருவருக்கும் நோய் இல்லை என்பதற்குத் தகுந்த ஆதாரத்துடன் நேரில் வரவும்.’

“நோய் இருந்தா ஆதாரம் காட்டலாம். இல்லாததுக்கு என்னத்தக் காட்ட?” என்றார் சொரிமுத்து.

“நோயில்லாத ஆள்தான் ஆதாரம்” என்றார் பூவலிங்கம்.

“யாருக்கு நோயில்லை?”

“ஒருத்தருக்கும் இல்லை.”

“அப்ப எல்லாரும் வரணும்.”

இரண்டு லாரி, ஒரு டிராக்டர் பிடித்தார்கள். பெரியவர்கள், சின்னவர்கள், கைக்குழந்தைகள், டீக்கடை ராமரும் லட்சுமணனும், ஞானதீபம் குடும்பம், எல்லாரும் ஏறினார்கள். ஊருக்குக் காவல் வேண்டும் என்று மாடக்கண்ணுவை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

மாவட்ட அலுவலகம் பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருந்தது. உள்ளே போக வேண்டுமென்றால் வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும் என்று காவலாளி சொன்னார். ஊரே வரிசையில் நின்றது.

“என்ன செய்யுது?” என்று கவுண்டரில் இருந்தவர் பூவலிங்கத்தைக் கேட்டார்.

“ஒண்ணும் செய்யலை.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“ஒண்ணும் செய்யலைன்னு சொல்லத்தான் வந்தேன்.”

கவுண்டர்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘காரணம் தெரியவில்லை’ என்று அடித்துச் சீட்டைக் கொடுத்தார். அடுத்தவர் பிச்சம்மாள். அவளும் ஒன்றும் செய்யவில்லை என்றாள். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். எல்லாருக்கும் ஒரே ஊர்.

அந்த ஆஸ்பத்திரியில் தகவல் அமைப்பு மிக நன்றாக வேலை செய்தது. கவுண்டரில் அடித்தது அந்தந்த நொடியே மாடியில் இருந்த பெரிய அதிகாரியின் கம்ப்யூட்டரில் தெரிந்தது. தாழைப்பொட்டல் என்ற புள்ளி மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவந்து, துடிக்க ஆரம்பித்தது. காரணம் தெரியாத நோய். ஒரு ஊர் முழுக்க. ஒரே காலையில்.

அதிகாரி ஒரு விநாடியும் வீணாக்கவில்லை. தகவல் கிடைத்தது, முடிவு எடுத்தார். ஐந்து ஆம்புலன்ஸ், இரண்டு ஜீப், முதல் ஜீப்பில் அவரே, முகமூடியும் கையுறையும் போட்ட டாக்டர்கள், நர்சுகள், மருந்துப் பெட்டிகள். சைரன் அலற, அத்தனையும் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற தாழைப்பொட்டல் ஜனங்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தாழைப்பொட்டலுக்குப் பறந்தது.

போய்ப் பார்த்தால் ஊரில் ஆள் இல்லை. தெரு தெருவாக ஓடினார்கள். வீடெல்லாம் திறந்து கிடந்தது. அடுப்பில் சாம்பல். கோழி மட்டும் மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு நர்ஸ் அழ ஆரம்பித்துவிட்டாள்.

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் வேப்பமரத்து நிழலில் மாடக்கண்ணு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“யோவ்! ஊர்ல யாரையும் காணோமே! எல்லாருக்கும் என்னய்யா ஆச்சு?”

மாடக்கண்ணு பீடியை அணைத்துவிட்டு மரியாதையாக எழுந்து நின்றார்.

“ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல சார். அதான் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காவ.”